கவசக் கனிமத்தில் ஆக்சிஜனேற்ற நிலையையும் ஹைட்ரஜனையும் ஒரே படிகத்தில் அளக்கும் முறை

புவியின் கவசத்திலிருந்து, அதாவது மேலோட்டுக்கு அடியில் உள்ள அடுக்கிலிருந்து, மேலே வந்த ஒரு பாறைத்துண்டில் ஃபெரிக் இரும்பு (மூன்று மின்சுமை கொண்ட இரும்பு) எவ்வளவு என்று ஒருவர் அளக்கிறார். அதே பாறையில் ஹைட்ரஜன் எவ்வளவு என்று இன்னொருவர் வேறொரு படிகத்தில், வேறொரு கருவியில் அளக்கிறார். இரண்டு எண்களும் வெவ்வேறு அட்டவணைகளுக்குள் போய்விடுகின்றன. இப்படிப் பிரித்து அளப்பதால் வரும் பிழை சிறியதன்று. ஹைட்ரஜன் வெளியேறும்போது இரும்பின் நிலையும் மாறக்கூடும் என்பதால், இவ்விரண்டையும் ஒரே படிகத்தில், முறையான வரிசையில் அளப்பதே நம்பத்தக்கது. அதை எப்படிச் செய்வது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். கனிம வாய்பாடுகளோடும் நிறமாலைக் கருவிகளோடும் ஓரளவு பழகியவர் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கவசத்தின் முக்கியக் கனிமங்களான ஆலிவின், பைராக்சீன், கார்னெட் ஆகியவற்றின் வாய்பாட்டில் ஹைட்ரஜனுக்கு இடமே இல்லை. ஆயினும் படிக அமைப்பில் உள்ள வெற்றிடங்களையும் மாற்று அயனிகளையும் ஒட்டி, ஆக்சிஜனோடு பிணைந்த புரோட்டானாக அது சிறிதளவு தங்கியிருக்கிறது. வழக்கத்தை ஒட்டி இதை நீரின் எடையாகவே குறிக்கிறோம். பத்து லட்சத்தில் ஒரு பங்கை இனி பிபிஎம் என்று எழுதுகிறேன். மாக்மா மேலேறி அழுத்தம் குறையும்போது இந்தப் புரோட்டான் வெளியேறப் பார்க்கும். அது போன பின் மின்சுமை சமன்பட வேண்டும் என்பதால், அருகிலுள்ள ஒரு ஃபெரஸ் அயனி (இரண்டு மின்சுமை கொண்ட இரும்பு) ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் அயனியாகிறது. ஓர் அணு ஹைட்ரஜன் போனால் ஓர் அணு இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு கிராம் கனிமம் 100 பிபிஎம் நீரை இழந்தால், வெளியேறும் ஹைட்ரஜன் 1.11 × 10⁻⁵ மோல். எடையில் 6 விழுக்காடு இரும்பு ஆக்சைடு கொண்ட ஆர்த்தோபைராக்சீனில் ஒரு கிராமுக்கு 8.35 × 10⁻⁴ மோல் இரும்பு உண்டு. எனவே மொத்த இரும்பில் ஃபெரிக்கின் பங்கு 0.013 உயரும். 3 விழுக்காடு மட்டுமே இரும்பு ஆக்சைடு கொண்ட கிளினோபைராக்சீன் என்ற மற்றொரு பைராக்சீன் வகையில் அதே இழப்பு 0.027 உயர்த்தும். மேற்கவசத்தின் முக்கியப் பாறையான பெரிடோடைட்டில் உள்ள ஆர்த்தோபைராக்சீனின் ஃபெரிக் பங்கே பெரும்பாலும் 0.03 முதல் 0.10 வரைதான். ஆக, 0.05 என்று நாம் அளந்த ஒரு மதிப்பில் நான்கில் ஒரு பங்கு கவசத்தைச் சேர்ந்ததாக இல்லாமல், மேலேறும் வழியில் உண்டானதாக இருக்கலாம். எல்லா ஹைட்ரஜனும் இரும்போடு கணக்குத் தீர்த்துக்கொண்டு போவதில்லை. உலோக வெற்றிடங்களோடு சேர்ந்து மெதுவாக நகரும் பங்கும் உண்டு. ஆகவே மேற்கண்ட எண்ணை உச்ச வரம்பாக மட்டுமே கொள்ள வேண்டும்.

துண்டைத் தேர்ந்தெடுத்தல்

கார பசால்ட், கிம்பர்லைட் ஆகிய எரிமலைப் பாறைகள் சுமந்து வந்த பெரிடோடைட் துண்டுகளே பொதுவாகக் கிடைக்கும் மாதிரிகள். கைக்கு அடங்கும் அளவைவிடப் பெரிய துண்டாக, எரிமலைக் குழம்போடு ஒட்டிய விளிம்பிலிருந்து விலகிய உட்பகுதியாகப் பார்த்து எடுக்கவும். வேகமாகக் குளிர்ந்த துண்டே சிறந்தது. வெடிப்பில் தூக்கி எறியப்பட்ட குண்டுக்குள் இருக்கும் துண்டு, தடித்த குழம்போட்டத்தின் நடுவில் மெல்ல ஆறிய துண்டைவிட மிக உயர்ந்த சான்று. கோல்ஸ்டெட்டும் மேக்வெல்லும் 1998-இல் வெளியிட்ட பரவல் அளவீடுகளின்படி, ஆலிவினில் இரும்போடு எலக்ட்ரான் பரிமாறும் வேகமான வழியில், 1000 செல்சியஸ் வெப்பநிலையில் சில மணி நேரத்திற்குள்ளாகவே ஒரு மி.மீ. தொலைவு அளவுக்கு ஹைட்ரஜன் நகர்ந்துவிடும். மாக்மாவின் பயணமோ பல மணி நேரமோ பல நாட்களோ நீளக்கூடியது.

பழுப்பேறிய, வெடிப்புகளில் சர்ப்பெண்டைன் (ஆலிவின் நீரோடு வினைபுரிந்து உண்டாகும் கனிமம்) படிந்த, சிவந்த இடிங்சைட் (ஆலிவின் சிதைந்து உண்டாகும் பொருள்) விளிம்பு கொண்ட படிகங்களை இரக்கமின்றி ஒதுக்கவும். இரட்டைக்கண் நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு படிகமாகப் பொறுக்கும் இந்த வேலை சலிப்பூட்டக்கூடியதுதான். ஆனால் பின்னால் வரும் எந்தக் கணிதத் திருத்தமும் இதற்கு ஈடாகாது. ஸ்பைனல் என்ற ஆக்சைடு கனிமம், இரு பைராக்சீன்கள், ஆலிவின் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் இடத்தை மெல்லிய சீவலில் அடையாளம் கண்டு, அதே துண்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிகங்களைப் பிரித்தெடுத்தால், வெப்பநிலைக் கணக்கும் அதே பாறையிலிருந்து கிடைக்கும்.

வரிசை

முதலில் அகச்சிவப்பு நிறமாலை. அது படிகத்தைத் தொடுவதில்லை. இரண்டாவதாக, தேவைப்பட்டால், இரண்டாம்நிலை அயனி நிறைநிறமாலை (அயனிக் கற்றையால் பெயர்த்த அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணுவது). மூன்றாவதாக எலக்ட்ரான் மைக்ரோபுரோப் (எலக்ட்ரான் கற்றையால் தனிமங்களை அளக்கும் கருவி). அதன்பின் எக்ஸ்கதிர் உட்கவர் விளிம்பு நிறமாலை. பொடியாக்க வேண்டிய, காமாக் கதிரால் இரும்பின் நிலையை அறியும் மோஸ்பவர் அளவீடு எப்போதும் கடைசியில்தான். மைக்ரோபுரோபுக்காகப் பூசும் கார்பன் படலம் அகச்சிவப்பு அளவீட்டைக் கெடுத்துவிடும் என்பதால் இவ்வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது.

ஹைட்ரஜன்

படிகத்தை இருபுறமும் மெருகேற்றவும். கிளினோபைராக்சீனுக்கு 0.2 மி.மீ. தடிமன்கூடப் போதும், வறண்ட ஆலிவினுக்கு 1 மி.மீ. வரை வைத்துக்கொள்வது நல்லது. மெருகேற்றும்போது ஒட்டுவதற்குப் பயன்படுத்திய பசையை அசிட்டோனில் பலமுறை ஊறவைத்து நீக்க வேண்டும். நிறமாலையில் 2850 முதல் 2960 செ.மீ.⁻¹ வரை கூர்மையான கார்பன்–ஹைட்ரஜன் பட்டைகள் தெரிந்தால் பசை இன்னும் போகவில்லை என்று பொருள், மீண்டும் ஊறவைக்கவும். கருவியின் உள்ளறையை உலர்ந்த காற்றாலோ நைட்ரஜனாலோ நிரப்பவும். காற்றில் உள்ள நீராவி 3500 செ.மீ.⁻¹-க்கு மேலே ஊசிமுனைக் கோடுகளாக விழுந்து, நாம் தேடும் பட்டைகள் மீதே உட்கார்ந்துகொள்ளும்.

ஹைட்ராக்சில் பட்டைகள் 3000 முதல் 3750 செ.மீ.⁻¹ வரை அமையும். ஆலிவினில் 3572, 3525 ஆகிய இரண்டும் டைட்டானியத்தோடு தொடர்புடைய குறைபாட்டைக் காட்டுகின்றன. 3300 முதல் 3400 வரை தோன்றும் பட்டைகள் மும்மின்சுமை அயனிகளோடு, அதாவது ஃபெரிக் இரும்பு, குரோமியம் போன்றவற்றோடு தொடர்புடையவையாகக் கருதப்படுகின்றன. ஆகவே நிறமாலையின் வடிவமே ஆக்சிஜனேற்ற நிலையைப் பற்றி ஒரு குறிப்பைத் தந்துவிடுகிறது. 3680 செ.மீ.⁻¹-ஐ ஒட்டிய கூர்பட்டையைக் கண்டால் மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் சர்ப்பெண்டைன். 3400-ஐ மையமாகக் கொண்டு அகன்று பரவும் மேடு திரவ உள்ளடக்கத்தில் இருக்கும் நீர். இரண்டையும் கனிமத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆலிவினும் பைராக்சீன்களும் திசைக்குத் திசை வேறுபட்டு உட்கவர்வதால், முனைவுற்ற ஒளியில் மூன்று முதன்மைத் திசைகளிலும் அளந்து, பட்டைப் பரப்புகளைக் கூட்ட வேண்டும். 1500 முதல் 2200 செ.மீ.⁻¹ வரை உள்ள சிலிக்கேட் மேற்சுரங்களின் வடிவத்தைக் கொண்டு திசையைச் சரிபார்க்கலாம். கார்னெட் கனசதுர அமைப்புடையது என்பதால் இந்தத் தொல்லை அதில் இல்லை.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். 0.5 மி.மீ. தடிமனுள்ள ஆலிவினில், பட்டைகளுக்கு அடியிலுள்ள பின்னணிக் கோட்டைக் கழித்தபின் மூன்று திசைகளின் பரப்புகள் 1.5, 0.8, 0.7 செ.மீ.⁻¹ என்று வருவதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 3.0. தடிமனான 0.05 செ.மீ.-ஆல் வகுத்தால் 60 செ.மீ.⁻². பெல்லும் அவருடைய குழுவினரும் 2003-இல் தந்த அளவுத்திருத்தப்படி இதை 0.188-ஆல் பெருக்க வேண்டும், விடை 11.3 பிபிஎம். விதர்ஸ் குழுவினர் 2012-இல் தந்த 0.119-ஐப் பயன்படுத்தினாலோ 7.1 பிபிஎம்தான். படிகமும் நிறமாலையும் மாறவில்லை. விடை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. எனவே அட்டவணையில் பிபிஎம் மதிப்பை மட்டும் எழுதிவிட்டு நகர்வது குற்றம் என்றே சொல்வேன். பரப்பு, தடிமன், பயன்படுத்திய அளவுத்திருத்தம் மூன்றும் உடன் இருக்க வேண்டும். மற்ற கனிமங்களுக்கு பெல் குழுவினர் 1995-இல் தந்த எண்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: மொத்தப் பரப்பை ஆர்த்தோபைராக்சீனுக்கு 14.84-ஆலும், கிளினோபைராக்சீனுக்கு 7.09-ஆலும், பைரோப் கார்னெட்டுக்கு 1.39-ஆலும் வகுத்தால் பிபிஎம் கிடைக்கும்.

படிகம் சிறியதாகவோ வெடிப்புகள் நிறைந்ததாகவோ இருந்தால் அயனி நிறைநிறமாலையே வழி. அதற்கு மாதிரியை எப்பாக்சி பிசினில் பதிக்காமல் இண்டியம் உலோகத்தில் பதிக்கவும். பிசின் கருவியின் வெற்றிட அறையில் தொடர்ந்து ஹைட்ரஜனைக் கசியவிட்டுப் பின்னணியை உயர்த்திவிடும். நீரற்ற ஆலிவின் ஒன்றை ஒவ்வொரு அமர்விலும் உடன் வைத்து அளந்து, அந்தப் பின்னணியைக் கழிக்க வேண்டும்.

எந்தக் கருவியானாலும், ஒரு புள்ளியோடு நிறுத்தாமல் படிகத்தின் விளிம்பிலிருந்து நடுவுக்குக் கோடாக அளக்கவும். நடுவில் உயர்ந்து விளிம்பில் தாழும் வளைவு, ஹைட்ரஜன் வெளியேறியதற்கு நேரடிச் சான்று. பைராக்சீன்களில் கோடு தட்டையாக இருந்து, கிளினோபைராக்சீனில் உள்ள நீர் ஆர்த்தோபைராக்சீனில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்காகவும் இருந்தால், அந்தச் சோடி கவசத்தில் இருந்த சமநிலையைக் காத்துவந்திருக்கிறது என்று நம்பலாம். அதே பாறையின் ஆலிவின் வறண்டிருந்தால் வியப்படைய வேண்டியதில்லை. முதலில் தோற்பது எப்போதும் ஆலிவின்தான்.

இரும்பு

ஆலிவினில் ஃபெரிக் இரும்பு மிகமிகக் குறைவு. அதை அளக்க முயல வேண்டாம். பெரிடோடைட்டில் ஆக்சிஜனேற்ற நிலையின் சாட்சி, ஆழம் குறைந்த பாறையில் ஸ்பைனல், ஆழம் கூடிய பாறையில் கார்னெட்.

ஸ்பைனலின் ஃபெரிக் அளவை மைக்ரோபுரோப் பகுப்பாய்விலிருந்து கணக்கிடலாம். இரும்பு முழுவதையும் ஃபெரஸ் என்று கொண்டு, 4 ஆக்சிஜனுக்கு எத்தனை நேரயனிகள் வருகின்றன என்று பார்க்கவும். அது 3-க்கு மேல் இருந்தால் மிகை ஃபெரிக்கால் வந்தது. டிரூப் 1987-இல் தந்த சூத்திரம் ஸ்பைனலுக்கு இப்படி அமையும்: ஃபெரிக் = 8 × (1 − 3 ÷ நேரயனிக் கூட்டுத்தொகை). கூட்டுத்தொகை 3.030 என்றால் ஃபெரிக் 0.079. அதுவே 3.020 என்றால் 0.053. வாய்பாட்டில் மொத்த இரும்பு 0.30 என்று வைத்தால், ஃபெரிக் பங்கு 0.26-இலிருந்து 0.18-க்குச் சரிந்துவிட்டது. கூட்டுத்தொகையில் ஏற்பட்ட வேறுபாடோ ஆயிரத்தில் மூன்று பங்கு. அலுமினிய அளவீட்டில் ஏற்படும் சிறு சாய்வே இதற்குப் போதும். இதனால்தான் வுட், விர்கோ இருவரும் 1989-இல், மோஸ்பவர் முறையில் ஏற்கெனவே ஃபெரிக் அளக்கப்பட்ட ஸ்பைனல்களை உடன்வைத்து அளந்து, அந்த வேறுபாட்டைக் கொண்டு திருத்தும் வழியை முன்வைத்தார்கள். அப்படிப்பட்ட துணைத் தரமாதிரிகள் இல்லாமல் செய்த ஸ்பைனல் கணக்கை ஏற்க நான் தயங்குவேன். பைராக்சீன்களுக்கோ தரமாதிரிகள் இருந்தாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அவற்றில் ஃபெரிக் பிழைவரம்புக்குள்ளேயே மூழ்கிவிடும்.

பைராக்சீனுக்கும் கார்னெட்டுக்கும் மோஸ்பவர் நிறமாலைதான் அடிப்படை. கோபால்ட்-57 மூலத்திலிருந்து வரும் 14.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரை, இயற்கை இரும்பில் ஏறத்தாழ 2 விழுக்காடாக உள்ள இரும்பு-57 மட்டும் உட்கவர்கிறது. தூய்மையாகப் பொறுக்கிய படிகங்களை அசிட்டோனுக்கு அடியில் வைத்து அரைக்கவும். காற்றில் உலர்வாக அரைத்தால் அரைப்பதன் வெப்பமே இரும்பை ஆக்சிஜனேற்றிவிடும். நிறமாலையில் ஃபெரஸின் இரட்டைக் கோடு அகன்றும், ஃபெரிக்கின் இரட்டைக் கோடு குறுகி, 0.3 முதல் 0.4 மி.மீ./வினாடியை ஒட்டியும் அமையும். அறை வெப்பநிலையில் ஃபெரிக் அணுக்கள் கதிரைச் சற்றுக் கூடுதலாகவே உட்கவர்வதால், பரப்பு விகிதத்தை அப்படியே எடுத்தால் ஃபெரிக் மிகையாகத் தெரியும். அதற்கான திருத்தத்தைச் செய்யவும். இல்லையேல் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அளக்கவும்.

எக்ஸ்கதிர் உட்கவர் விளிம்பு முறையின் சிறப்பு, சில மைக்ரோமீட்டர் அளவுக்குள் அளக்க முடிவது. இரும்பின் முன்விளிம்புக் கூர்முனையின் மையம், ஃபெரஸில் 7112 எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி இருந்து, ஃபெரிக்கில் ஏறத்தாழ 1.4 எலக்ட்ரான்வோல்ட் மேலே நகர்கிறது. கார்னெட்டில் திசைச் சிக்கல் இல்லாததால் முடிவு தெளிவாக வரும். பைராக்சீனில் படிகத்தின் திசையைப் பொறுத்தே முனை மாறும் என்பதால், அகச்சிவப்பு அளவீட்டில் முன்பே கண்டறிந்த திசைக் குறிப்பு இங்கே கைகொடுக்கும். ஹைட்ரஜன் வளைவை அளந்த அதே கோட்டில் இந்த அளவீட்டையும் எடுக்கவும். நீர் குறையும் விளிம்பில் ஃபெரிக் உயர்கிறதா என்பதை ஒரே வரைபடத்தில் காண முடிவதுதான் இவ்வளவு உழைப்புக்கும் கிடைக்கும் பலன். ஒன்று மட்டும் எச்சரிக்கை: நீர் கொண்ட சிலிக்கேட் கண்ணாடியில் வலுவான எக்ஸ்கதிர்க் கற்றையே இரும்பை ஆக்சிஜனேற்றுவது அறியப்பட்ட உண்மை. ஆகவே ஒரே புள்ளியில் நேரம் செல்லச்செல்ல முனை நகர்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளவும்.

ஆக்சிஜன் ஃபுகாசிட்டி

ஃபெரிக் பங்கு மட்டும் கவசத்தின் நிலையைச் சொல்லாது. அதை ஆக்சிஜன் ஃபுகாசிட்டியாக, அதாவது சூழலில் ஆக்சிஜன் எந்த அளவுக்கு வினைபுரியக் கிடைக்கிறது என்று காட்டும் அழுத்தம் போன்ற அளவாக, மாற்ற வேண்டும். ஸ்பைனல் பெரிடோடைட்டில் ஆலிவினின் ஃபயலைட் கூறும் ஆக்சிஜனும் சேர்ந்து, பைராக்சீனின் ஃபெரோசிலைட் கூறையும் ஸ்பைனலின் மேக்னடைட் கூறையும் தரும் வினையே அளவுகோல். கார்னெட் பெரிடோடைட்டில், மும்மின்சுமை இடத்தில் ஃபெரிக் இரும்பைத் தாங்கும் ஸ்கியாகைட் கூறு அந்த வேலையைச் செய்கிறது. வெப்பநிலையை இரு பைராக்சீன் வெப்பமானியிலிருந்து எடுக்கவும். ஸ்பைனல் பெரிடோடைட்டுக்கு நம்பகமான அழுத்தமானி இல்லாததால் 1.5 கிகாபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 50 கி.மீ. ஆழம், என்று கொள்வது வழக்கம்.

விடையைத் தனி எண்ணாக எழுதாமல், ஃபயலைட், மேக்னடைட், குவார்ட்ஸ் மூன்றும் சமநிலையில் நிற்கும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்றே எழுதவும். அந்தக் கோடு: மடக்கை ஃபுகாசிட்டி = −25096.3 ÷ வெ + 8.735 + 0.110 × (அ − 1) ÷ வெ. இதில் வெ என்பது கெல்வினில் வெப்பநிலை. அ என்பது பாரில் அழுத்தம். 1000 செல்சியஸ், 15,000 பார் என்றால் விடை −9.68. வெப்பநிலையை 50 பாகை கூட்டினால் −8.99 ஆகிறது. மாதிரியின் ஃபுகாசிட்டியும் ஏறத்தாழ அதே போக்கில் நகர்வதால், விலகலாக எழுதினால் வெப்பநிலைப் பிழையின் பெரும்பகுதி தானே கழிந்துவிடும். ஃபெரிக் பிழை அப்படிக் கழியாது. வினையில் மேக்னடைட் இருமுறையும், அதற்குள் ஃபெரிக் இருமுறையும் வருவதால், மடக்கையில் நான்கு மடங்காகிறது. மேலே பார்த்த 0.079-க்கும் 0.053-க்கும் உள்ள வேறுபாடு மட்டுமே 0.7 மடக்கை அலகு. ஸ்பைனல் பெரிடோடைட்டுகளின் மொத்த வீச்சே அக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ இரண்டு அலகுதான் என்பதை நினைவில் கொண்டால், இந்தப் பிழையின் கனம் விளங்கும்.

இனி இரு அளவீடுகளையும் சேர்க்கும் கட்டம். ஸ்பைனலில் ஹைட்ரஜன் மிகக் குறைவு என்பதால், ஹைட்ரஜன் இழப்பு அதன் இரும்பை நேரடியாகத் தொடுவதில்லை. ஆகவே ஸ்பைனலிலிருந்து கிடைத்த ஃபுகாசிட்டியையும் பைராக்சீனில் அளந்த ஃபெரிக் பங்கையும் எதிரெதிரே வைக்கவும். ஒரே இடத்தைச் சேர்ந்த பல துண்டுகளில், ஒரே ஸ்பைனல் மதிப்புக்கு ஒரு துண்டின் பைராக்சீன் மட்டும் மிகையான ஃபெரிக் காட்டி, அதன் நீரும் குறைவாக இருந்தால், மிகையை நீர் இழப்பு விளக்குகிறதா என்று தொடக்கத்தில் பார்த்த கணக்கால் சோதிக்கவும். விளக்கினால், படிகத்தின் நடுப்பகுதி மதிப்பையே கவசத்தின் மதிப்பாக எடுக்கவும். விளக்காவிட்டால் கவசத்திலேயே உருகலோ திரவமோ பாறையை மாற்றியிருக்கலாம்; பைராக்சீனின் அருமண் தனிமங்களைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

இன்னும் ஆழத்தில்

கார்னெட் பெரிடோடைட்டுகளில் ஆழம் கூடக்கூட ஃபுகாசிட்டி ஃபயலைட்–மேக்னடைட்–குவார்ட்ஸ் கோட்டுக்குக் கீழே பல அலகுகள் இறங்குகிறது. ஃபெரிக் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. கார்னெட்டின் அமைப்பு உயர் அழுத்தத்தில் ஃபெரிக்கை விரும்பி ஏற்பதால், அதே அளவு ஃபெரிக் குறைந்த ஃபுகாசிட்டியைக் குறிக்கிறது. கீழ்க்கவசத்தின் முதன்மைக் கனிமமான பிரிட்ஜ்மனைட் இதில் இன்னும் பிடிவாதமானது. ஃபெரஸ் இரும்பே பிளந்து ஃபெரிக்காகவும் உலோக இரும்பாகவும் பிரியும் அளவுக்கு அது ஃபெரிக்கை இழுக்கிறது. ஆகவே ஃபெரிக் மிகுந்த கனிமம் என்றாலே ஆக்சிஜன் மிகுந்த சூழல் என்று படிக்கும் பழக்கத்தை இந்த ஆழங்களில் விட்டுவிட வேண்டும்.

410 முதல் 660 கி.மீ. வரையுள்ள இடைநிலை மண்டலத்தின் வாட்ஸ்லியைட்டும் ரிங்வுடைட்டும் (ஆலிவினின் உயரழுத்த வடிவங்கள்) ஹைட்ரஜனை எடையில் விழுக்காட்டுக் கணக்கில் ஏற்பவை. பிரேசிலின் ஜுயீனா பகுதி வைரம் ஒன்றுக்குள் இருந்த ரிங்வுடைட்டில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு நீர் இருப்பதாக பியர்சனும் குழுவினரும் 2014-இல் அறிவித்தார்கள். இத்தகைய உள்ளடக்கங்கள் சில பத்து மைக்ரோமீட்டர் அளவுடையவை. வைரத்தை உடைத்தால் அழுத்தம் விடுபட்டுக் கனிமமே உருமாறக்கூடும். எனவே வைரத்தை இரு இணைபக்கங்களாக மெருகேற்றி, உள்ளடக்கம் உள்ளேயே இருக்க, எக்ஸ்கதிர் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) கனிமத்தின் அடையாளத்தையும், அகச்சிவப்பால் ஹைட்ராக்சிலையும், சிங்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கியின் மோஸ்பவர் கற்றையால் இரும்பின் நிலையையும் அளப்பதே முறை. வைரத்துக்கும் 3107 செ.மீ.⁻¹-இல் தன் சொந்த ஹைட்ரஜன் பட்டை ஒன்று உண்டு. உள்ளடக்கத்துக்கு அருகிலுள்ள வெற்று வைரத்தில் ஒரு நிறமாலை எடுத்து, அதைக் கழித்தபின்பே பரப்பைக் கணக்கிடவும்.